தோட்டத்துக்கு வழி

மலைமேல இருக்கிற அந்தப் பழைய அரண்மனைக்குப் போகலாம்னு முதல்ல வாயைத் திறந்தது நான்தான். எந்த நேரத்துல திறந்தேனோ!

மாமனார் பக்கவாதத்துல படுத்ததிலேர்ந்து எனக்கு வீட்டை விட்டா கடை, கடையை விட்டா வீடு. எல்லாரும் ஊர் சுத்துவாங்க, நான் அவரைப் பார்த்துப்பேன். கேட்டா, "உன் கையால ஊட்டினாதான் அப்பா சாப்பிடறாரு"ன்னு வீட்டுக்காரர் ஐஸ் வைப்பாரு.

இந்தத் தடவை நான் விடலை. ஒரு நர்ஸ் பொண்ணை ஏற்பாடு பண்ணி, முன்னாடியே வரவெச்சு, மாமாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறது, துடைச்சு விடறது, ஊட்டறது எல்லாம் கத்துக்கொடுத்தேன். மாமாவுக்குக் கை கால்தான் வராது, வாய் நல்லா வரும். "போய்ட்டு வாடி. இவ விஷத்தைக் கொடுத்தாலும் சப்புக்கொட்டிச் சாப்பிடறேன்"னு கண்ணடிச்சாரு. மாமியார்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தாங்க. "அத்தை, இவ பொறுமைக்கு முன்னாடி நான் கால் தூசு. தங்கமான பொண்ணு"ன்னு ஆஹா ஓஹோன்னு புகழ்ந்து தள்ளினேன். என் வாயில கொள்ளியை வெக்க.

மத்த திட்டமெல்லாம்கூட நான்தான் போட்டேன். போன்ல படம் பார்த்துப் பார்த்து, எந்த வாசல்ல கூட்டம் கம்மி, ராஜா படுத்த அறை எந்த மாடி, ரோஜாத் தோட்டத்துக்கு எப்படி இறங்கணும், அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

கிளம்புற அன்னிக்குக் காலைல புதுச் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். மாமியார் சோபாவுல உட்கார்ந்து முட்டியைத் தேய்ச்சாங்க.

"அவ்ளோ படி நான் எப்படி ஏறுவேன்? பதவிசா கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். அந்தப் பொண்ணு தங்கம்னு நீதானே சொன்னே? அவ வரட்டும்."

"நான் பிடிச்சுக்கறேன் அத்தை."

"உனக்கு எப்பவும் அவசரம். தரதரன்னு இழுத்துட்டுப் போவே."

வீட்டுக்காரர் கார் சாவியைச் சுத்திக்கிட்டே, "வண்டியில ஒரு சீட்டுதான் பாக்கி. அப்பாவுக்கும் உன்னைத்தான் பழக்கம்..."னு இழுத்தாரு. "அக்கா, நீங்க போங்க, நான் இருக்கேன்"னு அந்தப் பொண்ணு பாவம் கையைப் பிசைஞ்சா. அதுக்குள்ள நாத்தனார் அந்தப் பொண்ணோட பையை வண்டியில வெச்சுட்டா.

வண்டி கிளம்பிடுச்சு. நான் செருப்போடயே போய் மாமா கட்டில் பக்கத்துல உட்கார்ந்தேன்.

"பாவிங்க! நீயும் ஏன்டி வாயை மூடிட்டு நின்னே?"

"கத்தியிருக்கணும் மாமா. தெருவே கூடற மாதிரி கத்தியிருக்கணும்." கதவு திறந்துதான் கிடந்தது. ஆனா இவரை இப்படியே போட்டுட்டு எங்க போக?

மத்தியானம் போன் அடிச்சுது. வீட்டுக்காரர்தான். "எங்க பார்த்தாலும் படிக்கட்டா இருக்கு. ரோஜாத் தோட்டம் எந்தப் பக்கம்?"

"கல் யானை சிலைக்கு இடது பக்கம் சின்ன வாசல் இருக்கும். அதுல படியே கிடையாது, சரிவுதான். அத்தை மெதுவா இறங்கிடலாம்."

பின்னாடி அந்தப் பொண்ணு எதையோ பார்த்து அதிசயப்பட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டுது.

"அட, வந்து பார்த்தவ மாதிரியே சொல்றியே! இவ்ளோ தெரிஞ்சவளுக்கு இனி இங்க பார்க்க என்ன இருக்கு?"ன்னு சிரிச்சுக்கிட்டே வெச்சுட்டாரு.

"என்னவாம்?"ன்னு மாமா கேட்டாரு.

"தோட்டத்துக்கு வழி கேட்டாரு."

"சொன்னியா?"

"சொன்னேன் மாமா."

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் ஆயிடுச்சு. நான் செருப்பைக் கழட்டினேன்.