நின்றால்தான் ஜெயம்

வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அது நின்றுவிடக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும், எங்கள் வண்டி நின்று தொலைய வேண்டுமே என்று கர்த்தரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அதுவும் பந்தயத்தில் ஜெயித்த பிறகு.

அலபாமாவின் பெரிய கார் பந்தய ஓடுகளத்தில் தகடு இல்லாமல் எவனும் ஓட்ட முடியாது. நான்கு ஓட்டை போட்ட அலுமினியத் தகடு அது. கார்புரேட்டருக்கு அடியில் வைத்துவிட்டால் எஞ்சினுக்குள் போகிற காற்று வெகுவாகக் குறைந்துவிடும். பந்தயச் சங்கத்து ஆட்கள் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுப்பார்கள், பந்தயம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வேகம் மிஞ்சிப்போய் ஒரு வண்டி வேலியைத் தாண்டி ஜனங்கள் மேல் விழக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. அதனால் என்ன ஆயிற்று என்றால், கெட்டிக்காரன் வண்டியும் சோம்பேறி வண்டியும் ஒரே வேகம். எல்லாம் ஒட்டிக்கொண்டு கூட்டமாகவே சுற்றும். தனியாகப் பிய்த்துக்கொண்டு போகிறவன் எதிர்காற்றில் மாட்டிப் பின்தங்குவான். பின்னால் ஒருத்தன் முட்டித் தள்ளினால்தான் முன்னால் போகலாம்.

என் வீட்டுக்காரர் டூயிக்கு அந்தத் தகடு வேப்பங்காய். எஞ்சினை நன்றாக மூச்சுவிட வைப்பதற்கென்றே பிறந்த மனுஷன் அவர். போன வருஷம் புத்தி கெட்டுப்போய், தகட்டுக்குக் கீழே ஒரு போல்ட் ஓட்டை வழியாகக் காற்றுக்குக் கள்ளவழி வைத்துவிட்டார். பந்தயம் முடிந்ததும் சோதனை உண்டு. ஓடுகிற எஞ்சினின் கார்புரேட்டர் வாயை ரப்பர் ஒட்டிய மூடியால் அடைப்பார்கள். வேறெங்கும் காற்று புகாவிட்டால் எஞ்சின் உடனே செத்துவிடும். எங்கள் எஞ்சின் சாகவில்லை. அசைபோடும் மாடு மாதிரி நிதானமாக ஓடிக்கொண்டே இருந்தது. சோதனைக் கொட்டகையில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வீடு திரும்பும் வழியில் லாரியிலேயே பிடித்துக்கொண்டேன்.

"கள்ளத்தனம் பண்ணினதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்லய்யா. 'ஒண்ணும் பண்ணல வெர்னா'ன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்ன பாரு, அதுக்குத்தான். இனிமே நீ வாயால சொல்ற எதையும் நான் நம்பமாட்டேன்."

"நம்ப வேணாம்மா," என்றார் டூயி. "எஞ்சின் நின்னா நம்பு."

ஒரு வருஷம் அப்படித்தான் ஓடியது. உப்பு சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னால்கூட நான் ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். எனக்கே அது கசந்துபோயிருந்தது.

இந்த வருஷம் ஓட்டியது என் தம்பி லானி. கடைசிச் சுற்று வரைக்கும் கூட்டத்துக்கு நடுவில்தான் கிடந்தான். அவனுக்குப் பின்னால் பக் டார்வர். டூயிக்கு ஜென்மப் பகையாளி. ஆனால் தகடு போட்ட பந்தயத்தில் பகை பார்த்தால் பிழைப்பு நடக்காது. லானியைத் தள்ளாவிட்டால் பக்கும் பின்தங்க வேண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். இரண்டு பேருமாகக் கூட்டத்தை விட்டு நழுவினார்கள். முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பக் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தான், எட்டவில்லை. எங்கள் வண்டி அரை வண்டி முந்திவிட்டது. எங்கள் முதல் ஜெயம். நான் குதித்த குதியில் கையிலிருந்த தேநீர் முழுக்க முன்வரிசைக்காரர் தலையில்.

பிறகுதான் சோதனை ஞாபகம் வந்து, எஞ்சின் நின்று தொலைய வேண்டுமே என்று கர்த்தரை நச்சரிக்க ஆரம்பித்தேன்.

சோதனைக் கொட்டகையில் ஹாஸ்கெல் என்ற பெரிய அதிகாரி. அவர் மேஜையில் மூடி, அதற்குப் பக்கத்திலேயே அவித்த கடலைப் பை, தின்று போட்ட தொலிகள். பந்தயக் கொட்டகைக்குள் கடலைத் தொலி ராசியில்லாதது. மற்றவன் கொண்டுவந்திருந்தால் அடித்தே துரத்தியிருப்பார்கள். அதிகாரியை யார் கேட்பது? லானி மட்டும், "ராசியில்லக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

பக் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். நாங்கள் மாட்டினால் கோப்பை அவனுக்கு.

"என்ன டூயி, இந்த எஞ்சினும் மூக்கப் பொத்தினா வாயால மூச்சு விடுமா?"

ஹாஸ்கெல் மூடியை எடுத்து கார்புரேட்டர் வாயில் வைத்து அழுத்தினார்.

எஞ்சின் திக்கியது. திணறியது. திரும்பவும் ஓடியது.

"பாத்தியா, பாத்தியா! நாய் வால நிமுத்த முடியுமா?" என்று பக் தொடையில் தட்டினான். கொட்டகையே சிரித்தது. டூயியின் முகம் வெளுத்துவிட்டது. என்னைத்தான் பார்த்தார்.

"வெர்னா, நான் ஒண்ணும் பண்ணல."

அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன வருஷமும் இதே முகம், இதே சொல். ஆனால் யோசிப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"சார், மூடிய எடுங்க! கோளாறு உங்க மூடியிலதான்!"

"அம்மா, இது சங்கத்து மூடி."

"சங்கத்து மூடின்னா என்ன, கர்த்தர் கையால செஞ்சதா? திருப்பிக் காட்டுங்க. என் புருஷன் பண்ணலன்னா பண்ணல!"

என் சத்தத்துக்குப் பயந்தே திருப்பினார் என்று நினைக்கிறேன். ரப்பரின் ஓரத்தில், ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு, ஒரு துண்டுக் கடலைத் தொலி. அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று புகுந்திருக்கிறது.

"அக்கா! தொலி ராசியில்லன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று லானி கத்தினான்.

ஹாஸ்கெல் காது வரை சிவந்துபோய், ரப்பரைச் சட்டையிலேயே துடைத்து மறுபடி வைத்தார். எஞ்சின் ஒரு விக்கல் விக்கியது. நின்றது. அவ்வளவு நிம்மதியான அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பக் தலையைச் சொறிந்துகொண்டு வந்து டூயிக்குக் கை கொடுத்தான்.

"தள்ளினது நான். பாதிக் கோப்பை எனக்கு."

"கடலை வேணா வாங்கித் தரேன்," என்றார் டூயி.

சாயங்காலம் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து பொரித்த கெளுத்தி மீன் தின்றோம். கோப்பை எங்கள் நடுவில் இருந்தது. டூயி அதைப் பார்க்கவே இல்லை.

"மூடியில தொலி ஒட்டினத நீ எப்பப் பாத்த?"

"நான் எங்க பாத்தேன்? அவர் திருப்பினப்புறம்தான் எனக்கே தெரியும்."

டூயி மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"நீ என்ன நம்பினப்ப எஞ்சின் ஓடிட்டுதானே இருந்துச்சு வெர்னா."

"ஆமா. ஓடிட்டுதான் இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவரால் சாப்பிட முடியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். அவர் மீனையும் நானே தின்றேன்.