பார்க்காமல் விட்ட கால்

எங்கள் வட்டாரத்துச் சுகாதார நிலையத்தில் தலைமை நர்ஸ் பதவி காலியானபோது, அது என் மகளுக்குத்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சில விஷயங்களில் கேள்விக்கே இடமில்லை. மகள் அங்கே சேர்ந்த காலத்தில் கட்டடத்துக்கு வெள்ளைகூட அடித்திருக்கவில்லை. ஊசி போடும் அறை, மருந்து வைக்கும் அறை, பிரசவ அறை என்று எல்லா இடத்திலும் அவள் கை பட்டிருக்கிறது. ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நேரம் என்றால் என்னவென்று என் பிள்ளைகளுக்கு வெளியார் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறுக்கே வந்தவள் என் மருமகள்.

அவளும் நர்ஸ்தான். என் மகனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்ததும், அங்கே ஓர் இடம் இருக்கிறது என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டவளே என் மகள்தான். எந்த அலமாரியின் கதவு ஒட்டிக்கொள்ளும் என்பது வரை காட்டிக்கொடுத்தாள். இப்போது டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டு, வாராவாரம் சர்க்கரை நோயாளிகள் வரும் நாளை ஆளுக்கு ஒரு மாதம் பொறுப்பேற்று நடத்துங்கள், பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

மகள் அடுத்த தெருவில் கணவனோடு இருக்கிறாள். அன்று மாலை நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கைப்பையை நாற்காலியில் போட்டாள்.

"என்னப்பா இது? நேத்து வந்தவளும் நானும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல. நடத்திக் காட்டு. அவங்களே தெரிஞ்சுக்கட்டும்."

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே வரப்போகுது? அதுக்கு எதுக்கு அப்பாவும் பொண்ணும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"பெத்த பொண்ணும் வந்த பொண்ணும் ஒண்ணாகிடுமா?"

"எனக்கு ஆகிடும். நானும் இங்க வந்தவதானே."

அவளிடம் வாய் கொடுத்து நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்.

முதல் மாதம் மகளுடையது. எனக்கும் சர்க்கரை உண்டு. என் முறை வந்த அன்று போய்ப் பார்த்தேன். மனம் குளிர்ந்தது. வரிசை கோடு கிழித்ததுபோல் நின்றது. யாரும் குரல் உயர்த்தவில்லை. ரத்தம் எடுப்பது ஒரு மேசை, அழுத்தம் பார்ப்பது ஒரு மேசை, கால் பார்ப்பது கடைசி. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் புண் வந்தால் வலி தெரியாது. அதனால் ஒவ்வொருவர் காலையும் பார்த்த பிறகே டாக்டரிடம் அனுப்புவார்கள். என் முறை வந்தபோது மகள் என் ஷூவைப் பார்த்தாள். நான் பாலிஷ் போட்ட ஷூ இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குப் பார்த்தாச்சு. உள்ள அனுப்பு" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னாள்.

பார்க்கவில்லை. எனக்கு அது தவறாகவும் படவில்லை. நாலு பேர் நடுவில் அப்பாவை உட்காரவைத்துக் காலைக் காட்டு என்று கேட்கிற பெண்ணாக நான் அவளை வளர்க்கவில்லை. மதிப்பு மரியாதை தெரிந்தவள் என்று பெருமையோடுதான் உள்ளே போனேன்.

அடுத்த மாதம் மருமகள் எல்லாவற்றையும் தலைகீழாக்கினாள். கால் பார்ப்பதை முதலில் கொண்டுவந்தாள். வாசலை ஒட்டி ஒரு குட்டை ஸ்டூல், அதில் அவளே உட்கார்ந்துகொள்வாள். பக்கத்தில் ஒரு பேசின் வெதுவெதுப்பான தண்ணீர். தரையில் ஒரு கண்ணாடி. அதன்மேல் பாதத்தைப் பிடித்தால் அடிப்பக்கம் அவரவர் கண்ணுக்கே தெரியும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் விரல் நுனியைத் தொட்டு, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்பாள். தெரியாதவர்கள் தெரியுது தெரியுது என்பார்கள். "நான் இன்னும் தொடவே இல்லையே" என்பாள் அவள். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அது சுகாதார நிலையமா சந்தையா என்று எனக்குப் புரியவில்லை.

என் முறை வராத நாட்களிலும் நான் அங்கே போய் உட்கார்ந்தேன். எதற்கு என்று கேட்டால், காற்றாட நடந்து வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அவள் எங்கே சறுக்குவாள் என்று பார்க்கத்தான் போனேன். அவள் சறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரர் என் தொடையில் தட்டினார்.

"உங்க மருமக எல்லார் காலையும் பிடிச்சே பெரிய ஆளாகிடுவாங்க போல சார்."

டாக்டரம்மா கதவில் சாய்ந்து நின்று ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு என் மகளுக்கு வந்திருக்க வேண்டியது. மகள் அழுத்தம் பார்க்கும் மேசையில் தலையைக் குனிந்தபடி ஒருவர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இறுக்கமாகவே சுற்றினாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சாப்பிடும்போது மகன் ஆரம்பிப்பான். "இன்னைக்கு டாக்டர் இவளைப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமாப்பா?"

"சாப்பிடும்போது பேசாதே."

"நல்ல விஷயம்பா."

"நல்ல விஷயம் ஆறிப்போகாது. சோறு ஆறிடும்."

மருமகள் எனக்கு மோர் ஊற்றுவாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

என் முறை மருமகளின் மாதத்தில் கடைசி நாளில் வந்தது. அதற்கு முந்தின நாள் மாலை வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். காலுறை பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஷூவுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஓர் ஆணி தலை தூக்கியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே, பொத்தான் அளவுக்கு ஒரு புண். விளிம்பு வெளுத்து, நடுவில் கறுத்திருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, துளி வலியும் தெரியவில்லை.

எனக்கு முதலில் வந்த நினைப்பு காலைப் பற்றியது அல்ல. இதை மருமகள் பார்த்தால், போன மாதம் மகள் பார்க்காமல் அனுப்பியது நாளைக்கே அம்பலமாகிவிடும் என்பதுதான். பதவி யாருக்கு என்று டாக்டர் சொல்லப்போகும் நாளும் அதுவே.

காலுறையை நானே சோப்புப் போட்டுத் துவைத்தேன்.

"என்னங்க, என்னைக்கும் இல்லாம துணி துவைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"கை சும்மா இருந்தது."

போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். ஒரு முறையும் தவறாதவன் வரவில்லை என்றால் வீட்டில் இருப்பவளே கேட்பாள். புண்ணில் பஞ்சு வைத்து, ஷூவை இறுகக் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி நடந்து போனேன்.

ஸ்டூலில் மருமகள் இருந்தாள். "வாங்க மாமா. உட்காருங்க. ஷூவைக் கழட்டுங்க."

"எனக்குப் போன தடவையே பார்த்தாச்சு."

"அது போன தடவை. இப்ப ஒரு தடவை பார்த்துடலாம்."

"மருமக கையில காலைக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

தையல்காரர் சமாதானத்துக்கு வந்தார். "அட, காட்டுங்க சார். நாங்க எல்லாம் காட்டலையா? என் காலைவிட மோசமாவா இருக்கப் போகுது?"

மருமகளின் முகம் மாறவில்லை. ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். "அப்போ உங்க பொண்ணே பார்க்கட்டும் மாமா. அக்கா, கொஞ்சம் இங்க வாங்களேன். அந்த மேசையை நான் பார்த்துக்கறேன்."

அவள் சூழ்ச்சிக்காரி என்று அப்போது நினைத்தேன். இன்றுவரை அதில் எனக்கு முடிவான கருத்து இல்லை.

மகள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் குனிந்து என் ஷூ கயிற்றை அவிழ்ப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காலுறையை உருவினாள். பஞ்சு தெரிந்தது. அதை எடுத்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

மருமகள் அழுத்தம் பார்க்கும் மேசையில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். டாக்டர் உள்ளே இருந்தார். கண்ணாடி தரையில் கிடந்தது. பெஞ்சில் இருந்தவர்களுக்கு என் பாதத்தின் அடிப்பக்கம் தெரியாது. மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடு என்று கண்ணால் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. என் கண்ணைப் படிக்கத் தெரிந்த ஒரே பிள்ளை அவள்தான். அவள் உதடுகூட அசைந்தது. அவளுடைய இத்தனை வருஷ வேலையும் அந்த ஒரு வார்த்தையில் நின்றது.

"டாக்டர்" என்று கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. "கொஞ்சம் சீக்கிரம் வாங்க. புண் ஆழமா இருக்கு."

டாக்டர் வந்து குனிந்தார். "இது ஒரு நாள் ரெண்டு நாள் புண் இல்லையே. போன தடவை யார் பார்த்தது?"

நான் முந்திக்கொண்டேன். "இவதான் கேட்டா. நான்தான் கழட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்." பொய்தான். அதற்காக நான் தலை குனியவில்லை.

"இல்ல டாக்டர்" என்றாள் மகள். "நான் கேட்கவே இல்ல. அப்பாகிட்ட எப்படிக் கேட்கிறதுன்னு விட்டுட்டேன். பார்த்தாச்சுன்னு நான்தான் சொன்னேன்."

டாக்டர் திட்டவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். அன்று மாலை தலைமை நர்ஸ் பதவியை மருமகளுக்குக் கொடுத்தார்.

மறுநாள் மகள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. வேறு இடத்துக்கு மாற்றல் கேட்கப்போவதாக அவள் கணவன் என் மகனிடம் சொல்லியிருக்கிறான். மருமகள் என் காலில் போட்ட கட்டை மாற்றிக்கொண்டே பேச்செடுத்தாள். வேறு வழியில்லாமல் காலை அவள் கையில் கொடுத்திருந்தேன்.

"அக்கா இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு மாமா. துணைப் பொறுப்புக்கு அவங்களைத்தான் கேட்டிருக்கேன். டாக்டர் சரின்னுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவாங்க."

"என் மக உன் கீழ வேலை பார்க்கணும்னு நானே போய்ச் சொல்லணுமா?"

"கீழன்னு நான் நினைக்கல."

"நீ நினைக்க மாட்டே. மேல இருக்கிறவங்களுக்கு அது தெரியாது."

அவள் முடிச்சைப் போட்டாள். நல்ல முடிச்சு, இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. அதிலும் குறை காண முடியவில்லை என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் மகள் மாற்றல் வாங்கிப் போனால், தம்பி மனைவியிடம் தோற்று ஓடினாள் என்று தெரு பேசும். அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்துக்கு வரக் கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து அடுத்த தெருவுக்குப் போனேன்.

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவ அனுப்பினாளா?"

"அவ கேட்டா. நான் வந்தேன்."

கொஞ்ச நேரம் மடித்தாள். "அவ என்னைவிட நல்லா பண்றாப்பா. மோசமா பண்ணியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். நல்லா பண்றா பாருங்க, அதுதான் பொறுக்கல."

"எனக்கும் பொறுக்கல."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "நீங்க இப்படிச் சொல்லலாமா?"

"இந்த அறைக்குள்ள சொல்லலாம். வெளியில சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. நாளைக்குப் போ."

"போய், அவளை என்னன்னு கூப்பிடுறது?"

"அங்க தலைமை நர்ஸ்னு கூப்பிடு. வீட்டுக்கு வந்தா பேரைச் சொல்லிக் கூப்பிடு. வேணும்னா கொஞ்சம் சத்தமாவே கூப்பிடு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை இருவரும் எங்கள் வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்பினார்கள். மருமகள் ஓரடி முன்னால் போனாள். பிறகு என்ன தோன்றியதோ, நடையைக் குறைத்தாள். மகளும் குறைத்தாள். மருமகள் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். மகள் அவளைத் தாண்டாமல் பக்கத்திலேயே நின்றாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

"நல்லாத்தானே போறாங்க? இன்னும் என்ன பார்க்கிறீங்க?" என்றாள் என் மனைவி.

தெருமுனையில் அவர்கள் திரும்பும்போது யார் முன்னால் போகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.