கடைக்கு லீவு கிடையாது

ஊரே அவளை அம்மா என்றது. பஸ் கண்டக்டர், "உள்ள போங்கம்மா, படியில நிக்காதீங்கம்மா" என்பார். காய்கறிக் கடைக்காரர், "தக்காளியை அமுக்கிப் பாக்காதீங்கம்மா" என்பார். வீட்டில் இருந்த ஒரே ஒருத்திதான் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அந்த ஒருத்திக்கு ஏழு வயது. வீட்டில் அவள் பெயர் மிளகு. உருவம் சின்னது, காரம் பெரியது என்று அவளுடைய அப்பா வைத்த பெயர். அவர் தூர ஊர்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள்தான் அதிகம். மிளகைப் பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருடம் கழித்து இவளைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு மறுநாள் மகளை மடியில் உட்கார வைத்து, "இனிமே இவங்கதான் உனக்கு அம்மா" என்றார். மிளகு தலையாட்டினாள். தலையாட்டியதோடு சரி.

கூப்பிடாமலே காரியம் நடத்துவதில் மிளகு கெட்டிக்காரி. தாகம் எடுத்தால் சுவரைப் பார்த்து, "பாட்டில்ல தண்ணி தீர்ந்துபோச்சு" என்பாள். தலை பின்ன வேண்டுமென்றால் சீப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்காருவாள். ரொம்ப அவசரம் என்றால், "இங்க பாருங்க." சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன், "பாப்பா, உனக்கு யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டால், "எங்க வீட்ல இருந்து வந்திருக்காங்க" என்பாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. உறவுதான் இல்லை.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வைக்கும் குடோனில் இவளுக்குப் பேக்கிங் வேலை. பக்கத்து மேஜையில் டேப் ஒட்டும் அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"அம்மான்னு வாயில வரலேன்னா சித்தின்னாவது கூப்பிடச் சொல்லேன்டி."

"கேட்டு வாங்கினா அது கூப்பாடுக்கா. கூப்பிடுறதில்ல."

"வசனத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. புருஷன்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அவர் போன் செய்வார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்கோம்" என்பாள். அந்த 'இருக்கோம்' என்ற சொல்லுக்குள் இன்னொருத்தியையும் சேர்த்துக்கொண்டது அவளாகத்தான்.

ஒரு சனிக்கிழமை, ஷோரூமுக்குப் போன பெரிய பிரிட்ஜின் அட்டைப்பெட்டி குடோன் மூலையில் சும்மா சாய்ந்திருந்தது. "பழைய பேப்பர்காரனுக்குத்தான் போகப்போகுது. எடுத்துட்டுப் போய்ப் புள்ளைக்கு ஏதாவது செஞ்சு குடு" என்றாள் டேப் அக்கா. அதைத் தட்டையாக மடித்து, கயிறு கட்டி, பஸ்ஸில் ஏற்றினாள்.

"ஏம்மா, வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றார் கண்டக்டர். "இதுக்கும் ஒரு டிக்கெட் போடவா?"

வீட்டில் பெட்டியை நிமிர்த்தி, அடியில் டேப் ஒட்டி நிறுத்தியதும், மிளகு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"வீடு செய்வோமா? ஜன்னல் எல்லாம் வெச்சு?"

"வீடுதான் இருக்கே."

"அப்ப ரயில்?"

"ஒரே பெட்டியாவா?"

அவளுக்குக் கையில் இருந்த யோசனைகள் அவ்வளவுதான். மிளகு பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள். "கடை" என்றாள், பெட்டியிடம்.

"என்ன கடை?"

"எல்லாம் விக்கிற கடை."

ஸ்கேல் வைத்து மிளகு ஜன்னலுக்குக் கோடு போட, அவள் கட்டரால் மூன்று பக்கம் மட்டும் வெட்டினாள். நான்காவது பக்கத்தை மடித்து வெளியே இழுத்தபோது அது கடையின் மேடை ஆனது. ஒற்றை அட்டை தொய்யும் என்பதால் அடியில் இன்னொரு துண்டை ஒட்டி, இரண்டு மூலையிலும் ஓட்டை போட்டு, நூல் கோத்து மேலே கட்டினாள். ஹேங்கரின் இரண்டு முனையிலும் டப்பா மூடிகளைத் தொங்கவிட்டதும் தராசு வந்தது. முட்டை அட்டையின் குழிகள் சாமான் வைக்கும் அறைகள் ஆயின. மிளகு போர்டு எழுதினாள். 'க' ரொம்பப் பெரிதாகப் போய்விட்டதால் 'டை' அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது.

"நீங்க உள்ள. நான் வாங்க வருவேன்."

பின்பக்கத்தில் ஒரு வழி வெட்டி, முழங்காலை மடக்கி உள்ளே போய் உட்கார்ந்தாள். பசை வாசனை. காது அடைத்தாற்போல் ஒரு அமைதி. அந்த நேரத்தில்தான் வெளியே குரல் கேட்டது.

"கடைக்காரம்மா!"

அவள் அசையவில்லை.

"கடைக்காரம்மா! கடையைத் திறந்து வெச்சுட்டுத் தூங்குறீங்களா?"

முன்பாதி கடைக்கு. பின்பாதி யாருக்கு என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் காதில் விழுந்ததே பின்பாதிதான். ஜன்னலில் முகத்தைக் காட்டினாள்.

"சொல்லும்மா, என்ன வேணும்?"

"அரை கிலோ வெயில். நேத்து வாங்கினது ஒரே ஈரம். துணியே காயல. மாத்திக் குடுங்க."

"வித்த வெயிலைத் திருப்பி வாங்குறதில்லம்மா."

"அப்ப நான் அடுத்த கடைக்குப் போறேன்."

"ஐயய்யோ, போகாதேம்மா. கொசுறா ஒரு பிடி நிழல் போட்டுத் தரேன்."

மிளகு சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, அப்பா இல்லாத நேரத்தில் மிளகு பல் தெரியச் சிரித்து இவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

அதற்கப்புறம் சாயங்காலம் ஆனால் கடை திறந்தது. இடி, ஐஸ் மலை, காணாமல் போன ரப்பர், எல்லாம் விற்றது. ஒருநாள் தராசை ஆட்டிக்கொண்டே மிளகு கேட்டாள்.

"உங்க கடைக்கு லீவே கிடையாதா?"

"கிடையாதும்மா."

"நீங்க எங்கயும் போக மாட்டீங்களா?"

"கடையை விட்டுட்டு நான் எங்க போறது?"

மிளகு தராசை ஆட்டுவதை நிறுத்தினாள். பிறகு எதுவும் வாங்காமல் போய்விட்டாள்.

பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டால், பழையபடி சீப்பும் முதுகும்தான். அந்தச் சொல் அட்டைக்குள் மட்டும் செல்லும். ஒரு சாயங்காலம் மிளகு மாடிவீட்டுப் பெண்ணோடு விளையாடப் போயிருந்தாள். இவள் துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தாள். மிளகு வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் எதுவும் வாங்க வரல" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள்.

அடுத்த வாரம் லாரி வந்தது. குடோனிலிருந்து பள்ளிக்கூடம் போய், மிளகை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தரை பளிச்சென்று இருந்தது. அவர் துடைப்பத்தோடு நின்று பெருமையாகச் சிரித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் காலையில ஓடினா பொழுது சாயத்தான் வர்றீங்க. வீட்டையாவது நான் ஒழுங்கு பண்ணி வைப்போமேன்னு பாத்தேன். அந்தப் பெட்டி அடியெல்லாம் நமுத்துக் கிடந்துச்சு. பழைய பேப்பர்காரர் வந்தாரு, தூக்கிக் குடுத்துட்டேன்."

மிளகு பையைக் கழற்றாமல் மூலையைப் பார்த்தாள்.

"பாப்பா, கோபமா?"

"இல்லப்பா."

சமையலறையில் அவர் அவள் பின்னால் வந்து நின்றார். "நீ ஏன் கண்ணைத் துடைக்கிற? அட்டைப்பெட்டிக்கா?"

"வெங்காயங்க."

அவர் பலகையைப் பார்த்தார். கேரட்தான் இருந்தது. அவள் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். அப்போதே சொல்லியிருக்கலாம். உங்க மக என்னைக் கூப்பிட்டதே அந்தப் பெட்டிக்குள்ளதாங்க என்று எப்படிச் சொல்வது? மறுநாள் லாரி கிளம்பிப் போனது.

மூலை காலியாகவே இருந்தது. மிளகு மறுபடி சுவரோடு பேசினாள். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தது, பென்சில் உடைந்தது, எல்லாம் சுவருக்குத்தான் முதலில் தெரிந்தது. வேறு பெரிய பெட்டி குடோனில் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் மிக்சி வந்த பெட்டிகள். அதில் அவளுடைய ஒரு கால்கூட நுழையாது.

ஒருநாள் வேலை முடியும் நேரத்தில் குடோனுக்கு லோடு வந்துவிட்டது. இறக்கி அடுக்காமல் யாரையும் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டேப் அக்கா, "உன் மேஜையை நான் பாத்துக்கறேன், நீ ஓடு" என்று தள்ளிவிட்ட பிறகும் பஸ் வரவில்லை. பாதி வழி நடையும் ஓட்டமுமாகப் போனாள். எங்கயும் போக மாட்டீங்களா, போக மாட்டீங்களா என்று மிளகின் குரல் மூச்சோடு மூச்சாகக் கேட்டுக்கொண்டே வந்தது.

தெரு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. வாசலில் ஒரு குழந்தையும் இல்லை. உள்ளே பெஞ்சில் மிளகு மட்டும், பையை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் ஸ்டூலில் வாட்ச்மேன்.

"வாங்கம்மா. நீங்கதானா அது?" என்றார் அவர். "எங்க வீட்ல இருந்து வருவாங்கன்னுதானே பாப்பா தினம் சொல்லும்? இன்னைக்கு, 'யாரும்மா வருவாங்க உனக்கு'ன்னா, 'கடைக்காரம்மா வருவாங்க'ங்குது. நீங்க கடை வெச்சிருக்கிறது எனக்குத் தெரியவே தெரியாதே. என்ன கடைம்மா?"

அவள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. மிளகைப் பார்த்தாள். மிளகு செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் விக்கிற கடைங்க."

"இவ்வளவு நேரம் புள்ளையைத் தனியா விடலாமா? லீவு விட்டுட்டு ஊருக்குப் போயிட்டீங்களோன்னு கேலி பண்ணிட்டு இருந்தேன்."

"அவங்க கடைக்கு லீவெல்லாம் கிடையாது" என்று மிளகு வெடுக்கென்று நிமிர்ந்தாள். கண் ஓரம் காய்ந்த கோடு இருந்தது. "இன்னைக்கு லேட்டாத் திறந்திருக்காங்க. அவ்வளவுதான்."

இருவரும் தெருவில் நடந்தார்கள். அவள் கையை நீட்டவில்லை. நீட்டி, அது காலியாகத் திரும்பிவந்தால் என்ன செய்வது என்று பயம். கொஞ்ச தூரம் போனதும் அவள் தோள்பையின் வார் லேசாக இழுபட்டது. திரும்பிப் பார்க்காமல் நடையைக் குறைத்துக்கொண்டாள்.

"வெயில் இருக்கா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"தீர்ந்துபோச்சும்மா. காலையிலதான் லோடு வரும்."

"சரி, கடைக்காரம்மா" என்றாள் மிளகு. பக்கத்திலேயே நீளமான மதில் சுவர் ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துச் சொல்லவில்லை.