மூன்றாம் ஓலை

தெரேசா இறந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஜூலியானா தங்கையின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக ஒரு நொடியும் ஓயாத விரல்கள்.

அன்று கோயிலில் தெரேசாவின் கல்யாண அறிவிப்பை, மூன்றாவதும் கடைசியுமான ஓலையை, வாசித்திருக்க வேண்டும். மாப்பிள்ளை பாக்கியநாதன் கடலுக்கு அக்கரையில், பிறை ஊர் ரயில் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவன் பெண் பார்க்க வந்தது ஜூலியானாவைத்தான். காபி கொண்டுவந்த தங்கையைப் பெண் கேட்டுவிட்டுப் போனான்.

இரண்டாம் ஓலையின்போது அம்மா அமலம்மாள் தெரேசாவின் கையை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். கன்னத்துச் சிவப்பு, மூட்டுவலி, கையும் தோளும் தானே துள்ளுவது எல்லாம் ஒரே நோயாக இருக்கலாம், குடும்பத்தில் வேறு யாருக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"யார் கேட்டாலும் காய்ச்சல்னு சொல்லு," அம்மா இப்போது ஜூலியானாவின் காதருகே முணுமுணுத்தாள். "தெரிஞ்சா உன்னையும் எவனும் எடுக்கமாட்டான்."

"மூத்தவ இருக்காள்ல," என்றார் சூசை மாமா. "நாப்பது நாள் போவட்டும்லா. மாப்பிள்ளைகிட்ட நான் பேசுறேன்."

ஜூலியானாவுக்கு நெஞ்சு படபடத்தது. அது துக்கமில்லை என்று தெரிந்ததும் குனிந்துகொண்டாள்.

செய்தி கேட்டு, பாக்கியநாதன் பகல் படகில் வந்தான். பெட்டியருகே நின்று தேம்பினான். செத்தவளைப் பார்க்கும் அந்தப் பார்வையில் பாதிகூட ஜூலியானா பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை.

அவள் காபி நீட்டினாள். வாங்கிக்கொண்டவன் மாமாவிடம் சொன்னான்.

"அன்னிக்கு தெரேசா குடுத்தப்ப கப்பு கடகடன்னு ஆடிச்சு, மாமா. தோளு துள்ளுது, கன்னமெல்லாம் சிவந்துபோச்சு. எம்மாம் வெட்கம்! அதுலதான் விழுந்தேன்."

"ஜூலியும் வெட்கப்படுற பொண்ணுதான், மாப்பிள்ளே."

பாக்கியநாதன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இவங்க திடமானவங்க. சொட்டுக்கூடச் சிந்தல பாருங்க."

ஜூலியானா வாய் திறப்பதைக் கண்ட அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"வெட்கமில்ல," என்றாள் ஜூலியானா. வாசலில் நின்றவர்களும் திரும்பினார்கள். "வியாதி. எங்க ரத்தத்துல ஓடுற வியாதி."