ரெண்டு கையாலயும் பிடி, ரூஃபஸ்!

ரூஃபஸ் ஸ்டாகுரா பொறந்த பதினோராவது நாள், எந்த ஆட்டக்காரர் பேரை அவருக்கு வெச்சாங்களோ அந்த ஆளு பந்தைக் கீழ போட்டுட்டாரு.

ஏதோ ஒரு ஆட்டத்துல இல்லைங்க. அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம். எல்லைக் கோட்டைத் தொட இன்னும் ரெண்டே கஜம். ஸ்டோக்கர்ஸ் அணியில ரூஃபஸ் டில்லரிக்கு ஒரே வேலைதான்: பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, வர்றவனையெல்லாம் முட்டித் தள்ளிட்டு ஓடணும். அதுவரைக்கும் ஊரே அவரைத் தலையில தூக்கி வெச்சு ஆடிச்சு. அன்னிக்குப் பந்து வழுக்குச்சு, எதிராளி அது மேல விழுந்தான், கோப்பை போச்சு. ஏரிக்கரை ஊர் மொத்தமும் ஒரு வாரம் எழவு வீடு மாதிரி கெடந்துச்சு. ஸ்டாகுரா வீட்டுல மட்டும் கூடுதலா ஒரு எழவு: தொட்டில்ல அதே பேரோட ஒண்ணு படுத்துருக்கு.

"பேரை மாத்திடலாம்"ன்னாரு அப்பா. "ஞானஸ்நானம் ஆச்சு, கேக்கும் தின்னாச்சு, இனிமே மாத்தறதாவது"ன்னாங்க அம்மா. அன்னியிலிருந்து அந்த ஊர்ல ஒரு வழக்கம்: ஆட்டக்காரன் ஓய்வு பெற்று வீட்டுல உக்காந்த பிறகுதான் அவன் பேரைப் புள்ளைக்கு வெப்பாங்க.

இந்த ஐம்பத்திரெண்டு வருஷமா ரூஃபஸ் எதைக் கையில எடுத்தாலும், காப்பி கப்போ ஏணியோ, பக்கத்துல ஒருத்தன் கத்துவான்: "ரெண்டு கையாலயும் பிடி, ரூஃபஸ்!" அவர் கல்யாணத்துல மோதிரத்தை நீட்டும்போது பாதிரியாரே சொன்னாரு. அதனாலயே மனுஷன் வாழ்க்கையில ஒரு ஸ்பூனைக் கூட கீழ போட்டதில்லை. கைக்குழந்தையைத் தூக்குனதும் இல்லை. சொந்த மக கொரீன் பொறந்தப்ப, சோபாவுல உக்காந்து, ரெண்டு பக்கமும் தலகாணி அடுக்கி, மடியில வெக்கச் சொன்னாரு. அவ்ளோதான்.

இப்ப அந்த கொரீனுக்கே ஆம்பளப் புள்ளை பொறந்து ஆறு வாரம் ஆச்சு. மருமகனுக்கு அரிசோனாவுல வேலை. திங்கக்கிழமை காலையில கெளம்பறாங்க. தபால்காரர் வரைக்கும் எல்லாரும் புள்ளையைத் தூக்கிட்டாங்க, தாத்தாவைத் தவிர. முதல் வாரம் சளின்னாரு, அடுத்த வாரம் முதுகு வலி, அப்புறம் கையில கிரீஸ். நேத்து போன்ல கொரீன் கேட்டே கேட்டுட்டா: "உங்களுக்கு இவனைப் பிடிக்கலையாப்பா?" ரூஃபஸ் மறுபடியும் கிரீஸ்னு இழுத்தாரு. அவளும், "நாளைக்கு மைதானத்துக்குக் கூட்டிட்டு வரேன். அப்பவும் தூக்கலைன்னா, சரி, போட்டோ அனுப்பறேன்"ன்னு வெச்சுட்டா.

ஞாயித்துக்கிழமை காலையில, ஆட்டத்துக்கு முன்னாடி சமைச்சுத் திங்கற கூட்டத்தால, மைதானத்து கார் நிறுத்தற இடம் பூரா அடுப்புப் புகை. ரூஃபஸ் சாசேஜ் வாட்டிட்டு இருக்காரு, கண்ணு மட்டும் வாசல்ல. பக்கத்துல நாயோட கஸ் பாவ்லிக், முப்பது வருஷக் கூட்டாளி, பீர் பெட்டியில பாதி உருகுன ஐஸையெல்லாம் தரையில கொட்டிட்டு இருந்தாரு. மடக்கு நாற்காலியில டோட்டி. எழுவத்தி நாலு வயசு, ஸ்டோக்கர்ஸ் ஆட்டம் ஒண்ணைக் கூட விட்டதில்லை, சொந்தத் தங்கச்சி கல்யாணத்தை விட்டுருக்காங்க.

எதிர்ல மைதானச் சுவத்துல புதுசா பெரிய படம் வரைஞ்சிருந்தாங்க: அணியோட தலைசிறந்த ஓட்டக்காரங்க. ஆர்வில் பேங்க்ஸ் இருக்காரு, டெஸ்மண்ட் புரூயிட் இருக்காரு. மூணாவது கட்டத்துல பீர் விளம்பரம்.

"பேங்க்ஸ் ஒருத்தன் போதும்யா," கஸ் ஆரம்பிச்சாரு. "முதுகுல மூணு பேரைத் தொங்கவிட்டுட்டு ஓடுனவன். பஸ்ஸு மாதிரி!"

"பஸ்ஸேதான். வளைவே திரும்ப மாட்டான்," டோட்டி சொன்னாங்க. "புரூயிட்டைப் பாரு. தண்ணி மாதிரி ஓடுவான்."

"நாலே வருஷம், டோட்டி! ஆவியாப் போயிட்டானே!"

"மூணாவது கட்டம் டில்லரிக்குத்தான். வெக்கங்கெட்டவனுங்க, அவன் இடத்துல பீரை ஒட்டிருக்கானுங்க."

கஸ் வாயில இருந்த பீரு மூக்கு வழியா வந்துச்சு. "அந்தப் பீராவது கீழ விழாது! டேய் ரூஃபஸ், உன் பேர்க்காரனுக்கு செலை வெக்கணுமாம்!"

"என்னை விடுடா," ரூஃபஸ் சாசேஜைத் திருப்பினாரு.

"பதினோரு வருஷம் ஆடுனான்டா," டோட்டி விடல. "ரெண்டாயிரத்து எழுநூறு தடவை பந்தைத் தூக்கிட்டு ஓடிருக்கான். கீழ போட்டது மொத்தமே பதினாலு. கஸ், நீ இன்னிக்குக் காலையிலயே மூணு பீர் டப்பாவைக் கீழ போட்டாச்சு."

"எனக்கு அந்தப் பதினாலாவதுதானே தெரியும்," ரூஃபஸ் சொன்னாரு.

"எல்லாருக்கும் அதான் தெரியும். மத்த ரெண்டாயிரத்துச் சொச்சத்தை ஒருத்தனும் எண்ணல."

இந்தக் கணக்கை ரூஃபஸுக்கு இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்லை. மனசுக்குள்ள ஒரு தடவை வகுத்துப் பாத்தாரு. பிறகு தட்டுல இருபது சாசேஜையும் அடுக்கி, ரெண்டு கையாலயும் தூக்கினாரு.

"ரெண்டு கையாலயும் பிடி, ரூஃபஸ்!" மூணு கார் தள்ளி ஒருத்தன் கத்துனான்.

அப்பதான் கொரீன் வந்தா. ஒரு தோள்ல பெரிய பை, இன்னொரு தோள்ல புள்ளை. "என்னப்பா, இன்னிக்குத் தட்டு சாக்கா?"ன்னு சொல்லிக்கிட்டே கிட்ட வந்தவ, கஸ் கொட்டி வெச்ச ஐஸ் மேல காலை வெச்சா.

கால் சர்ருன்னு போச்சு. பை ஒரு பக்கம் இழுத்துச்சு, புள்ளை தோள்ல இருந்து சரிஞ்சான்.

ரூஃபஸ் யோசிக்கவே இல்லை. தட்டை அப்படியே விட்டாரு. ஒரே எட்டு. கொரீன் காரைப் பிடிச்சு நின்னப்ப, புள்ளை தாத்தா நெஞ்சுல இருந்தான். தலை முழங்கை மடிப்புல, உள்ளங்கை அடியில, இன்னொரு கை மேல மூடி.

இருபது சாசேஜும் தார்ல உருண்டுச்சு.

கஸ் ஆகாசத்தைப் பாத்து அலறுனாரு: "போட்டுட்டான்யா! ஐம்பத்திரெண்டு வருஷம் கழிச்சுப் போட்டுட்டான்!" கார் மேல ஏறி நின்னு கைத்தட்டுறாங்க, ஹாரன் அடிக்கிறாங்க. கஸ்ஸோட நாய் ஒரே மூச்சுல நாலு சாசேஜை முடிச்சுருச்சு.

"பந்து நாய்கிட்ட போயிருச்சு," டோட்டி தீர்ப்பு சொன்னாங்க. பிறகு எந்திரிச்சு வந்து, ரூஃபஸ் கையையே உத்துப் பாத்தாங்க. "டில்லரி இப்படித்தான்டா பிடிப்பான்."

"அப்பா, கொஞ்சம் தளர்த்துங்க. அவன் பந்து இல்ல," கொரீன் சிரிக்கவும் செஞ்சா, கண்ணையும் தொடச்சுக்கிட்டா.

"பிடிக்காம இல்லம்மா," ரூஃபஸ் சொன்னாரு. "பயம்."

"தெரியுது. இப்பக் குடுங்க."

"இரும்மா. உன் கார் வரைக்கும் நானே கொண்டாரேன்."

கார் இருந்தது பத்தே கஜத்துல. ரூஃபஸ் மைதானத்தையே ஒரு சுத்து சுத்திப் போனாரு. பாதி வழியில புள்ளை சட்டையை நனைச்சான், சூடு வயிறு வரைக்கும் எறங்குச்சு. கையை எடுக்கல.

"ரூஃபஸ்!" பின்னாடி கஸ் கத்துனாரு. "ரெண்டு கையாலயும்..."

எப்பவும் திரும்பிக் கையாட்டி ஒரு கெட்ட வார்த்தை சொல்றவரு, இந்தத் தடவை வார்த்தையை மட்டும் சொன்னாரு. ஆட்டறதுக்குக் கை காலியா இல்ல.