சுவரோடு ஒட்டாத ஸ்பீக்கர்

எனக்குப் பொறுமை கிடையாது. பிடித்த சாமான் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அது அன்றைக்கே வீட்டுக்கு வந்தாக வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஸ்பீக்கர் கடைக்குள் கால் வைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தரையில் நிற்கிற ரகம், கறுப்பிலும் மரநிறத்திலுமாகச் சுவர் நெடுக வரிசை கட்டி நின்றது. சில என் தங்கையை விட உயரம். சும்மா இருக்க முடியாமல் அதை அவளிடமே சொன்னேன்.

"ரொம்பப் பேசாத. வந்த வேலையப் பாரு," என்றாள்.

அவளை வீட்டில் சுண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவுதான். ஆனால் வாசிப்பது பேஸ் கிட்டார், நீளக் கழுத்தும் கனத்த அடிக்குரலும் உள்ள வாத்தியம். அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், கிட்டார்தான் அவளை மாட்டிக்கொண்டு நிற்கிறதோ என்று தோன்றும். பகலில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசை வேலை, சாயங்காலம் சிநேகிதர்களோடு ஒரு குழுவில் வாசிப்பு. அந்தக் குழு வெளியிட்ட பாட்டு ஒன்று எப்படியோ பலருக்கும் பிடித்துப்போய், இப்போது சில மாதங்கள் ஊர் ஊராகப் போய் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவதென்றால் கிளினிக் வேலையை விட வேண்டும். வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பா போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மல்லுக்கு நின்று எப்படியாவது சம்மதிக்க வைத்திருப்பேன். அவர் செய்தது வேறு. பாட்டைத் தன் போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, முகத்தில் ஒரு கள்ளமும் இல்லாமல், "பாடுற பொண்ணு கேக்குது. தாளம் கேக்குது. நீ எங்கம்மா இருக்க இதுல?" என்று கேட்டார்.

"அடியில இருக்கேன்ப்பா. எல்லாத்துக்கும் அடியில."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேம்மா. கேக்காதத கேட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது? நீ வாசிக்கிறது என் காதுல விழட்டும், சந்தோஷமா போயிட்டு வான்னு சொல்றேன். விழாத ஒண்ணுக்காக இருக்கிற வேலைய விடச் சொல்ல மனசு வரல."

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போன சுண்டு, குழாயைத் திறந்துவிட்டபடி வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். அவர் தடுப்பாரே என்ற கவலை அல்ல அது. அவள் வாசிப்பதை உலகத்தில் யார் யாரோ கேட்கிறார்கள், பெற்றவர் காதில் மட்டும் விழவில்லை.

போனில் பேஸ் எங்கிருந்து வரும்? அதிலிருக்கிற ஸ்பீக்கர் விரல்நகம் அளவு. டிவியிலும் அதே கதை. ஹெட்போன் கொடுத்துப் பார்த்தோம். மரப் பட்டறையில் மெஷின் ஓடும்போது காதை அடைத்துக்கொண்டு அவஸ்தைப்படுவது போதாதா என்று உடனே கழற்றிக் கீழே வைத்துவிட்டார். நல்ல ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்ற கிறுக்கு எனக்கு வெகுநாளாக உண்டு. ஆம்ப்ளிஃபயர் கூட எப்போதோ வாங்கிவிட்டேன், அம்மா அதன்மேல் பூச்சாடி வைத்திருந்தாள். இதைவிட நல்ல சாக்கு எனக்கு ஆயுசுக்கும் கிடைக்குமா?

கடைக்காரர் சுண்டுவின் பாட்டையே முதலில் கறுப்பு ஜோடியில் போட்டார். ஏ யப்பா! சட்டைப் பொத்தான் அதிர்ந்தது. ஒவ்வொன்றும் ஒரு காவல்காரர் மாதிரி தடித்து, முன்பக்கம் வட்டம் வட்டமான கூம்புகளோடு நின்றுகொண்டு முழங்கியது. "இதான்! இதேதான்! பில் போடுங்க!" என்று கத்தியே விட்டேன். பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பயந்து நகர்ந்து போனார்.

"இரு," என்றாள் சுண்டு. "அதையும் கேப்போம்."

அது என்றால் மரநிறத்தில் ஒடிசலாக ஒரு ஜோடி. பாட்டு அதில் ஒழுங்காக, அடக்கமாக வந்தது. எனக்குச் சப்பென்று இருந்தது. அவளோ கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், இடது கைவிரல்கள் தாமாகவே அசைந்தன.

"எனக்கு இது," என்றாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? அப்பாவுக்குக் கேக்கணும்னா இடி மாதிரி விழணும்!"

"அப்பாவுக்கு இடி கேக்க வேண்டாம். நான் கேக்கணும்."

கடைக்காரருக்கு எங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்த்த பழக்கம். "உங்க வீட்டு ரூம்ல கேட்டாத்தான் தெரியும். ரெண்டு ஜோடியையும் கொண்டு போங்க. திங்கக்கிழமை ஒண்ண திருப்பிக் குடுத்தா போதும்," என்றார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று கையைப் பிடித்துக் குலுக்கினேன். வீட்டில் எந்த இடத்தில் எப்படி வைப்பது என்று அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அதெல்லாம் எங்களுக்குச் சொல்லணுமா? வீட்டுக்குள்ள சாமான் நிறுத்தறதுதான் எங்க தொழிலே," என்று அவரைப் பேசவிடாமல் கிளம்பிவிட்டேன்.

சொன்னது பொய்யில்லை. அப்பாவும் நானும் வீடு வீடாகப் போய்ச் சுவரோடு அலமாரி செய்து பொருத்துகிறவர்கள். மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால் அப்பா அன்றைக்குச் சாப்பிட மாட்டார். வாடிக்கையாளர் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று சொன்னாலும், விளக்கைப் பிடித்து இடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார்.

ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. "நாலு பீரோவ கொண்டாந்து நட்டுவச்சா மனுஷங்க எங்க உக்காருறது?" என்றாள் அம்மா. அப்பாவுக்கோ ஒரே உற்சாகம். பெட்டிகளின் மூட்டுகளைத் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், "வேலை சுத்தமா இருக்கு," என்று சான்றிதழ் கொடுத்தார். பிறகு நானும் அவரும் பழக்கதோஷத்தில், வாயே திறக்காமல், நாலையும் பின்சுவரோடு மூலைக்கு மூலை நெட்டித் தள்ளி நிறுத்தினோம். மேலே ரசமட்டம் வைத்து, கோணல் இல்லை என்று பார்த்தோம். பின்னால் வயருக்காக விரலளவு இடைவெளி விட வேண்டி வந்ததே அவருக்குப் பொறுக்கவில்லை.

"சுவர்ல ஒரு சின்ன பள்ளம் எடுத்தா உள்ள போயிடும். உளிய எடு."

"அப்பா! மொதல்ல பாட்டக் கேட்டுட்டு எடுப்போம்ப்பா!"

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்த கையோடு எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சுண்டு கைகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கறுப்பு ஜோடியில் போட்டேன்.

வீடே குமுறியது. அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. அம்மா ஓடிப்போய் டம்ளர்களைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேக்குதாப்பா? அதான்! அந்தத் தும் தும்முன்னு வருதே, அதான் நம்ம சுண்டு!"

அப்பா முடியும் வரை கேட்டார். "கேக்குதுடா. ஆனா எல்லாம் ஒரே தும்மா இருக்கே." அவள் பக்கம் திரும்பினார். "ஒரே சத்தத்த தட்டிக்கிட்டே இருக்கறதுக்காம்மா உனக்கு விரலெல்லாம் காய்ச்சுப் போச்சு?"

கேலி செய்யவில்லை அவர். பாவம், நிஜமாகவே கேட்டார். அதுதான் அவளை அறுத்தது.

மரநிற ஜோடிக்கு வயரை மாற்றினேன். கடையில் அத்தனை ஒழுங்காகப் பாடிய ஜோடி, இங்கே போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி முனகியது. அதே தும், கொஞ்சம் சின்னத் தும்.

சுண்டு எழுந்துவிட்டாள். "போதும்ண்ணா. நான் வரலன்னு நாளைக்குச் சொல்லிடறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியாது. அப்பாவைத் திட்ட முடியாது, அவளைத் திட்ட மனசு வராது, மிச்சம் இருந்தது ஸ்பீக்கர். "ஊமைக் கழுதை! உன்ன இப்பவே கடையில போட்டுட்டு வரேன்," என்று மரநிறத்தில் ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, பெட்டியில் போடக் கூடத்தின் நடுப்பக்கம் இழுத்து வந்தேன். பாட்டை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. வயர் நீளம், அது பாட்டுக்குக் கூடவே வந்தது.

"அண்ணா, அசையாத!"

அவள் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டேன். என் கைக்குள் இருந்த ஸ்பீக்கரில் குமுறல் இல்லை. தும் என்று கிடந்தது இப்போது தனித்தனியாக நடந்தது. ஏறியது, இறங்கியது, பாடுகிற பெண் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. மூலையில் நின்ற இன்னொன்று மட்டும் இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

"சுவருதாண்ணா! சுவருல ஒட்டி வச்சதுதான்! அதையும் இழு, இழு!"

இழுத்தேன். கடைக்காரர் சொல்ல வந்தது இதைத்தான் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஊரெல்லாம் இடுக்கு இல்லாமல் பொருத்துகிறவர்கள் என்ற திமிரில் எங்கள் வீட்டுப் பெண்ணை நாங்களே சுவரோடு வைத்து அமுக்கியிருக்கிறோம்.

அப்பாவுக்குத்தான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. "பின்னால ஒரு ஆளே படுக்கலாம் போலிருக்கேடா. யாராவது வந்து பாத்தா நமக்கு வேலை மறந்துபோச்சுன்னு நெனைக்க மாட்டாங்க?"

"பெருக்க வசதியா இருக்கு. அது அங்கயே நிக்கட்டும்," என்றாள் அம்மா.

பாட்டை முதலிலிருந்து போட்டேன். அப்பா முக்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக் குனிந்து உட்கார்ந்தார். சுண்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நெற்றி சுருங்கியது. பிறகு கட்டைவிரல் முழங்காலில் மெல்லத் தட்டியது, பாட்டின் தாளத்துக்கு அல்ல, வேறு எதற்கோ. திடீரென்று கையைத் தூக்கினார்.

"நிறுத்து. கொஞ்சம் பின்னால போ."

போனேன்.

"இன்னொரு தரம்."

மறுபடி போட்டேன்.

"இங்க. பல்லவி திரும்ப வர்றதுக்கு முன்னாடி படிப்படியா ஏறி வர்றியே, கடைசில ஒண்ணு கொஞ்சம் பிந்தி விழுது. மத்ததெல்லாம் பொருந்துது, அது மட்டும் பொருந்தல."

போச்சுடா என்று தலையில் கை வைத்தேன். குற்றம் கண்டுபிடிக்கவா இந்தப் பாடு பட்டோம்? "ஏம்ப்பா, மொத மொத கேக்கறீங்க, வாயில ஒரு நல்ல வார்த்த வராதா?" என்று பாய்ந்தேன்.

சுண்டு என்னைத் தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அது கேட்டுச்சா? நெஜமாவா?"

"ஏன், தப்பா சொல்லிட்டனா?"

"இல்லப்பா! அன்னிக்கு விரல் வழுக்கிடுச்சு. குழுவுல ஒருத்தருக்கும் தெரியாது. நானும் வெளிய சொல்லல. அத நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கப்பா!" சிரிக்கிறாள், கண்ணிலிருந்து கொட்டுகிறது, அம்மா எதற்கு என்று தெரியாமலேயே கூட அழ ஆரம்பித்துவிட்டாள். நான் கூடத்தை ஒரு சுற்று குதித்து வந்தேன்.

ஆனாலும் ஆசை விடுமா? கறுப்பு ஜோடியையும் முன்னால் இழுத்து, அதே இடத்தைப் போட்டேன். முன்னைவிட எவ்வளவோ தேவலை. முழக்கம் ஜோராக இருந்தது. அந்தப் பிந்திய ஒன்று மட்டும் முழக்கத்தில் அமுங்கிப் போனது.

அப்பா உதட்டைப் பிதுக்கினார். "இது விரிசல மறைக்கப் புட்டி பூசின மரம்டா. பாக்க நல்லா இருக்கும், உள்ள இருக்கறது தெரியாது. திருப்பிக் குடுத்துடு."

என் கறுப்பு ஜோடி! அதை ஒரு தரம் தடவிக் கொடுத்தேன். ஆனால் சுண்டுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிர்ப்பேச்சு பேச எனக்கு மனசு வரவில்லை. வயரைக் கழற்றி மரநிற ஜோடியில் மாட்டினேன்.

"போற ஊர்ல எல்லாம் இந்தப் பாட்ட வாசிப்பியா?" என்று அப்பா அவளிடம் கேட்டார்.

"தினமும் வாசிக்கணும்ப்பா."

"அந்த எடத்துல பாத்து வாசி. போயிட்டு வா."

அவள் தலையை ஆட்டினாள்.

அப்பா முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார். "மொதல்லேருந்து போடுடா. அந்தப் பொண்ணு பாட்டுக்குப் பாடட்டும். நான் எம்பொண்ண கேக்கறேன்."

போட்டேன்.