ஆறரை மணி பஸ்

நாலாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு பிடிவாதம். நான்கு பேர் சேர்ந்து ஊர்ப்படம் வரைய வேண்டும், ஆளுக்கு ஒரு பகுதி. ஆனால் கண்காட்சியன்று யாரும் தன் பகுதியைத் தானே சொல்லக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். அப்போதுதான் ஒருவருக்கொருவர் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பார்களாம்.

சுண்டெலி என்று வகுப்பே கூப்பிடும் சிறுமிக்குக் கிடைத்தது பஸ் நிலையம். அதைச் சொல்லப்போகிறவள் ஓட்டைவாய். அந்தப் பெண்ணிடம் ரகசியம் சொல்வதும் மைக் பிடித்து ஊருக்கே அறிவிப்பதும் ஒன்றுதான்.

சுண்டெலி தலையில் கை வைத்துக்கொண்டாள். கண்காட்சிக்கு அம்மா வருகிறாள். வெளியூர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்பிவிடும் அம்மா, இந்தப் புதன்கிழமை கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கியிருக்கிறாள். அவள் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று சுண்டெலிக்கு அப்படி ஓர் ஆசை. டீச்சர் மசியவில்லை.

"எல்லா பஸ் நேரமும் உனக்கு மட்டும் எப்படிடி மனப்பாடம்?" என்று ஓட்டைவாய் கேட்டபோது, சுண்டெலி ஏதோ நினைப்பில் உள்ளதைச் சொல்லிவிட்டாள். பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

அம்மா வந்தாள். தோள்பையை இறக்காமலே சின்ன பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தாள். ஓட்டைவாய் ஸ்கேலை எடுத்துப் படத்தில் வைத்தாள்.

"இது பஸ் ஸ்டாண்டு. இவ அம்மா வேலை செய்யற ஊர்லேருந்து நாலு பத்துக்கு ஒரு பஸ் வரும். ஸ்கூல் விட்டதும் சுண்டெலி தினமும் அங்க போய் நிப்பா. கடைசி ஆள் இறங்கின பிறகுதான் வீட்டுக்குப் போவா. அம்மா சனிக்கிழமைதான் வருவாங்கன்னு அவளுக்கும் தெரியும். இருந்தாலும் போவா."

சுண்டெலிக்குக் காது வரை சுட்டது. அம்மா படத்திலிருந்து அவள் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை கூடவா போவே? முந்தின நாள்தானே நான் கிளம்பிப் போறேன்?"

"திங்கக்கிழமைதாம்மா ரொம்ப நேரம் நிப்பேன்."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டிருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வேலையில் நிற்க வேண்டும்.

"நாலரை பஸ்ஸை விட்டா அடுத்தது எப்போ?"

"ஒன்பது மணிக்குத்தாம்மா" என்றாள் சுண்டெலி, கண் இமைக்காமல்.

படத்தில், அம்மாவின் ஊருக்குப் போகும் பஸ் நேரங்களில், நாலரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே, அவள் கையாலேயே, சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் ஆறரை என்று எழுதியிருந்தது. ஓட்டைவாய் அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

அம்மாவும் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

"அப்படியா? சரி, ஒன்பது மணிக்கே போறேன்" என்று பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள்.